நகரசபையும் நம் இளைஞரும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சில சொற்கள் ஓயாத தொல்லை தருவன. ஒரு வட்டத்தின் சார்பாக நகர மன்றத்தில் அமர்கின்றவரை எப்பெயரால் குறிப்பது என்பது அவற்றுள் ஒன்று. தமிழில் முன்னர் அவரை நகரசபை அங்கத்தினர் என்றனர். இன்று மாமன்ற உறுப்பினர் என்கின்றோம். பேச்சிலே கவுன்சிலர் என்பதே நிலைத்துவிட்டது. தில்லியில் அவர் நிகம் பார்ஷத்; பரிஷத்தைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருள். மராத்தியிலும் குஜராத்தியிலும் அவருக்கு நகர சேவக் என்று பெயர். நகரத்துக்கு ஊழியம் செய்பவர் என்று பொருள்படும் இந்தச் சொல்லின் மீது எனக்குத் தனிப்பற்று உண்டு. பதவியின் பெயருக்குள்ளேயே அதன் கடமையையும் வைத்துக் கட்டிவிட்டார்கள். அக்கடமை எந்த அளவுக்கு நிறைவேறுகின்றது என்பது வேறு விஷயம்.

நேயர்களே, தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞரைப் பார்த்து, உங்கள் வட்டத்தின் கவுன்சிலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைக்காது. ஆனால் சென்னைக் கோட்டையில் யார் எந்தத் துறைக்கு அமைச்சர், எந்தக் கட்சி எந்தக் கட்சியுடன் பேச்சு நடத்துகிறது என்பதையெல்லாம் அவர் தயங்காமல் சொல்லுவார். தாம் வாக்களிக்க இயலாத ஒரு மாநிலத்தின் அரசியல் அவருக்குப் பாடமாக இருக்கின்றது. தம் வீட்டு வாசலில் தேங்கி நிற்கும் கழிவுநீரின் அரசியல் அவருக்குப் புலப்படுவதில்லை. இதற்கு அவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நாம் இவ்வூருக்கு வந்தவர்கள், என்றோ ஒரு நாள் திரும்பிச் செல்லவேண்டியவர்கள், இவ்வூர் விவகாரம் நமக்கு எதற்கு என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர் வளர்ந்திருக்கின்றார். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடலாம் என்று எண்ணியிருந்த தந்தைக்கு அப்பேச்சு பொருந்தும். அந்த ஊரைக் கோடை விடுமுறையில் மட்டுமே கண்ட பிள்ளைக்கு அது பொருந்துமா?

பொதுக் காரியத்தில் நமக்கு ஆர்வம் குறைவு என்றும் கூறுவதற்கில்லை. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தோன்றியது. தலைநகரில் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் கல்விக் கழகத்தின் வேர் இன்னும் பழமையானது. வட இந்திய நகரங்களில் நாம் எழுப்பிய கோயில்களையும் சபைகளையும் எண்ணி மாளாது. ஒரு சங்கத்தின் செயலாளர் பதவிக்கு நம்மவர்கள் காட்டும் போட்டியையும் பிரசார உத்திகளையும் பார்த்தவர்கள், அந்த உற்சாகத்தில் கால் பங்கு நகரசபையின் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று வியக்காமல் இருக்கமாட்டார்கள்.

வயதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நமது அரசியல் சாசனத்தின் 61ஆவது திருத்தம் வாக்குரிமைக்கான வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது; அது 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ போட்டியிட 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் பஞ்சாயத்துக்கும் நகரசபைக்கும் 21 வயதே போதும். 1993இல் செயலுக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்கள் இந்த வரம்பை நாடு முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டன. நம் குடியாட்சியின் மற்றக் கதவுகள் திறக்கு முன்னர், நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, ஸ்தல ஸ்தாபனத்தின் கதவு இளைஞனுக்குத் திறந்துவிடுகின்றது.

இந்த இடத்தில் உத்தரமேரூரை நினைக்காத தமிழர் இருக்கமாட்டார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விளக்கமாகக் கூறுகின்றது. கணக்குக் காட்டத் தவறியவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர் என்ற விதியை இன்று படித்தாலும் மனம் நிறைகின்றது. ஆயினும் மேடைகளில் பெருமையுடன் அக்கல்வெட்டை எடுத்தாள்பவர்கள் ஒரு செய்தியை எளிதாகத் தாண்டிச் செல்வதுண்டு. 35 வயதுக்கு மேற்பட்டு 70க்கு உட்பட்டவர், இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர், வேதம் பயின்றவர் என்று அதன் தகுதிகள் செல்கின்றன. அது ஒரு பிரமதேயத்தின் சபை. பெண்ணுக்கும் நிலமற்றவனுக்கும் அங்கே இடமில்லை; இருபத்தைந்து வயது இளைஞனுக்கும் இல்லை. அந்தக் கல்வெட்டில் இல்லாத உரிமை இன்று நம்மிடம் இருக்கின்றது.

அந்த உரிமையைப் பயன்படுத்திக் கொண்டவர்களைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. 2020 டிசம்பரில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, கணிதம் பயின்றுகொண்டிருந்த கல்லூரி மாணவி ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மாநகராட்சியின் மேயரானார். அப்போது அவருக்கு 21 வயது. அதே தேர்தலில் பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் கிராமப் பஞ்சாயத்தின் தலைவியானவர் ரேஷ்மா மரியம் ராய். அவருக்கு 21 வயது நிறைந்தது நவம்பர் 18ஆம் தேதி; அடுத்த நாளே மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தாலும் சற்றே சங்கடப்பட்டிருப்பார்! 2022இல் சென்னை மாநகராட்சியின் மேயராகப் பொறுப்பேற்ற பிரியா ராஜனுக்கு வயது 28.

இது ஏதோ இக்காலத்துப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். 1924இல் கல்கத்தா மாநகராட்சியின் முதன்மை நிர்வாக அதிகாரியாகச் சுபாஷ் சந்திர போஸ் அமர்ந்தபோது அவருக்கு வயது 27. அதற்கு முந்தைய ஆண்டு அலகாபாத் நகரசபையின் தலைவராக ஜவாஹர்லால் நேரு தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு அப்போது 33. தேச விடுதலைக்காகச் சிறை சென்ற கைகள் சாக்கடைக் கணக்கையும் வீட்டு வரிக் கணக்கையும் புரட்டிப் பார்க்கத் தயங்கவில்லை. பெரிய அரசியல் என்றும் சின்ன அரசியல் என்றும் இன்று நாம் பிரித்துப் பேசும் பேதம் அவர்களுக்குத் தெரியாது.

வெளிமாநிலத் தமிழரை நெருங்கித் தொடும் ஒரு நிகழ்ச்சிக்கு இப்போது வருகின்றேன். தென் தில்லியில் ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில், மதராசி கேம்ப் என்ற குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து வாழ்ந்த குடும்பங்கள் அவை. வடிகாலில் நீரோட்டம் தடைப்பட்டு மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்கின்றது என்ற காரணத்தால், தில்லி உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் இருந்தன. அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை என்று கண்டனர். அவர்களுக்கும் வீடு ஒதுக்கப்பட்டது நகரின் மறுகோடியான நரேலாவில். வேலை பார்த்த வீடுகளும் பிள்ளைகள் தமிழ் படித்த பள்ளியும் இங்கே, வீடு அங்கே.

நீதிமன்றத்தின் தீர்ப்பை எடைபோடுவது இப்பேச்சின் நோக்கமன்று. வடிகாலில் வெள்ளம் என்பது கற்பனையுமன்று. என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அந்த 189 என்ற எண்தான். ஒரே சந்தில், சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த இரு குடும்பங்களில் ஒன்றுக்கு வீடு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்ற வேறுபாடு எங்கிருந்து பிறந்தது? தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையைப் படித்துப் பார்த்தால் விடை தெரியும். குடிசை 2015 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே இருக்கவேண்டும். அங்கே வாழ்பவரின் பெயர் 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலேனும், கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்கவேண்டும். வேறு ஆவணங்களும் கேட்கப்படுகின்றன. வாக்காளர் பட்டியல் என்பது தேர்தல் நாளன்று மட்டும் பார்க்கும் காகிதம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். குடிசையில் வாழ்பவனுக்கு அது வீட்டுப் பத்திரத்துக்குச் சமம்.

ஊரில் பெயர் இருந்தால் போதும், பொங்கலுக்கோ தேர்தலுக்கோ போய்வரலாம் என்று இங்கே பதிவு செய்துகொள்ளாமல் விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! சட்டம் இரண்டு இடங்களில் பெயர் வைத்திருக்க எவருக்கும் இடம் தரவில்லை. ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே பதிவு. 2025இல் பீகாரில் தொடங்கித் தமிழ்நாடு உள்ளிட்ட பிற மாநிலங்களுக்கும் பரவிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, ஊரிலும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நடுவே நின்றவர்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். மும்பையில் தாராவியின் மறுசீரமைப்பு நடைபெறும் முறையைக் கவனித்தால், அங்கும் யார் எந்த ஆண்டிலிருந்து எங்கே குடியிருந்தார் என்ற கணக்கே அடித்தளம். இத்தகைய கணக்கெடுப்பு வரும்போது, சந்து சந்தாகச் சென்று படிவம் நிரப்பவும், படிக்கத் தெரியாத பாட்டிக்கு மராத்தி அறிவிப்பைத் தமிழில் சொல்லவும், விடுபட்ட பெயருக்கு மேல்முறையீடு எழுதவும் யார் இருக்கிறார்கள்? அங்கே பிறந்து, அந்த மொழியில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞரே அதற்கு ஏற்றவர். தந்தையைவிட அவருக்கு இந்தி நன்றாக வரும். பல வீடுகளில் தமிழைவிடவும் நன்றாக வரும் என்பதைச் சற்று வருத்தத்துடனேயே சொல்கின்றேன். ஆனால் இந்த ஒரு காரியத்தில் அது பெரும் பலம்.

யாரிடம் எதைக் கேட்பது என்ற அறிவும் வேண்டும். தில்லியை எடுத்துக்கொள்வோம். 1958இல் தொடங்கிய தில்லி மாநகராட்சி 2012இல் மூன்றாகப் பிரிக்கப்பெற்று, 2022இல் மீண்டும் ஒன்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் 250 வட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. துப்புரவு, சிறு வடிகால்கள், பூங்காக்கள், தொடக்கப் பள்ளிகள், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீருக்கு ஜல் போர்டு தனி. போலீஸ் மத்திய அரசிடம். குழாயில் நீர் வரவில்லை என்று கவுன்சிலரிடமும், குப்பை அள்ளவில்லை என்று சட்டமன்ற உறுப்பினரிடமும் முறையிடுபவர்கள் பாதி நாளை இழக்கின்றார்கள். இன்னொரு விநோதமும் உண்டு. சரோஜினி நகர் போன்ற புதுதில்லி நகராட்சி மன்றத்தின் எல்லைக்குள் வாழ்பவர்களுக்கு வட்டமும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அம்மன்றம் நியமன உறுப்பினர்களைக் கொண்டு இயங்குவது. மத்திய அரசு ஊழியர் பலரின் பிள்ளைகள் உள்ளாட்சித் தேர்தல் என்பதையே காணாமல் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ராமகிருஷ்ணபுரம் மாநகராட்சிக்குள் அடங்கியது. அங்கிருப்பவர்களுக்கு அந்தச் சாக்குக் கிடையாது.

மும்பையிலோ விஷயம் தாய்மொழியையே தொடுகின்றது. அம்மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகின்றது. அவற்றுள் தமிழும் ஒன்று. எந்தப் பள்ளியில் எத்தனை வகுப்பு, ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, மாணவர் தொகை குறைந்ததென்று வகுப்பை மூடுவதா என்ற கேள்விகளுக்கு விடை எழுதப்படுவது சென்னையில் அன்று; மும்பை மாநகராட்சியின் கல்விக் குழுவில். தமிழ் வளர்ச்சி பற்றி நாம் நிறைவேற்றும் தீர்மானங்கள் எத்தனையோ. அக்குழுவின் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் படித்தவர் நம்மில் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

எங்கள் பகுதியில் ஓர் இளம்பெண். தனியார் அலுவலகமொன்றில் வேலை. வீட்டருகிலிருந்த தொடக்கப் பள்ளியின் கழிப்பறை பூட்டியே கிடந்தது அவர் கண்ணில் பட்டது. பள்ளிக்குச் சென்று கேட்டார், பழுது என்றனர். தகவல் அறியும் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனுப் போட்டார். பழுது பார்ப்பதற்குத் தொகை ஒதுக்கப்பட்டிருப்பதும் வேலை உத்தரவு எழுதப்படாமலே இருப்பதும் முப்பது நாளுக்குள் வந்த பதிலிலிருந்து தெரிந்தன. அதை எடுத்துக்கொண்டு வட்டத்தின் கவுன்சிலரிடம் போனார். கவுன்சிலர் இவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் எந்த ஊர் என்பது. இந்த வட்டத்து வாக்காளர் என்று இவர் பதில் சொன்னாராம். கழிப்பறை திறக்க மேலும் நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அவர் ஏழெட்டு முறை நடந்திருப்பார். உள்ளாட்சி அரசியல் என்பது பெரும்பாலும் இந்த நடையே. இதில் கைதட்டல் கிடைப்பதில்லை.

இளைஞர்களுக்கு இதெல்லாம் எளிது என்று ஆசை காட்டுவது என் எண்ணமன்று. தடைகள் உண்டு, அவற்றுள் சில அரசே வைத்தவை. ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தல் நடத்திவிட வேண்டும் என்று சாசனத்தின் 243-யு பிரிவு தெளிவாகக் கூறுகின்றது. நடந்தது என்ன? பெங்களூரின் மாநகர மன்றம் 2020 செப்டம்பரில் காலாவதியாயிற்று. 2025 செப்டம்பரில் அந்நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்ட வரையிலும் புதிய மன்றம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மும்பையின் மன்றம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன் பின்னர் 2025 முழுவதும் நிர்வாக அதிகாரியின் ஆட்சியே. சென்னையும் பெருமை பேச இயலாது. 2016இல் முடிந்த மன்றத்துக்குப் பதில் மன்றம் 2022இல்தான் வந்தது. வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் அடுக்கப்படும். 2020இல் இருபத்தொன்று நிறைந்து ஆர்வத்துடன் காத்திருந்த பெங்களூர் இளைஞர், நிற்பதற்கு ஒரு தேர்தலே இல்லாமல் இருபத்தாறு வயதை எட்டிவிட்டார். சட்டமன்றத் தேர்தலை இப்படி ஐந்தாண்டு தள்ளிவைக்க எவருக்கேனும் துணிவு வருமா?

இன்னொரு தடை, நம்மவருக்கே உரியது. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியாக வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் பட்டியல் இனத்தவராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்த உரிமையைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலும் 1994இலும் தீர்ப்பளித்தது. ஆகவே தமிழகத்துச் சான்றிதழை நம்பி மகாராஷ்டிரத்தில் ஒதுக்கீட்டு வட்டத்தில் போட்டியிட முடியாது. தாராவி போன்ற இடங்களில் வாழும் தமிழரில் பெரும்பகுதியினர் இச்சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை எண்ணினால் இதன் கனம் விளங்கும். மூன்று தலைமுறையாக ஒரு நகரின் கழிவையும் தோலையும் சுமந்தவர்களின் பேரனுக்கு அந்நகரில் பொது வட்டமே கதி. இது சட்டத்தின் குறையா, சட்டத்தை வகுத்தபோது இத்தகைய குடிபெயர்வை எதிர்பாராததன் விளைவா என்று அறிஞர்கள் வாதிடலாம். போட்டியிட விரும்பும் இளைஞர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பெண்களுக்கு நிலைமை சற்று மேல். சாசனம் மூன்றில் ஒரு பங்கு இடத்தை அவர்களுக்கு உறுதி செய்தது. தில்லி, மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு முதலியவை அதைப் பாதியாக உயர்த்தின. ஆனால் வட இந்தியாவில் பார்ஷத் பதி, சர்பஞ்ச் பதி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவள் மனைவி, நாற்காலியில் அமர்பவர் கணவர் என்பது அவற்றின் பொருள். இவற்றுக்குத் தமிழில் நல்ல சொல் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு வரவேண்டாம் என்று வேண்டிக்கொள்கின்றேன்.

கட்சியில் சேரவேண்டுமா, சுயேச்சையாக நிற்கலாமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அதை அவரவர் தீர்மானிக்க வேண்டும். ஆனால் தமிழர் வாக்கை மட்டும் எண்ணி எவரும் இறங்கலாகாது. பெரும்பாலான வட்டங்களில் நாம் பெரும்பான்மை அல்லர். மும்பையின் சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர் தமிழ்ச்செல்வன். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து சென்றவர். மராத்தியரும் பஞ்சாபியரும் வட இந்தியரும் வாக்களிக்காமல் அது நடந்திருக்க முடியாது. அண்டை வீட்டாரின் குழாயில் நீர் வந்தால்தான் நம் குழாயிலும் வரும் என்பதைத் தெருவில் இறங்கியவர்கள் விரைவில் கற்றுக்கொள்கின்றார்கள்.

முதற்படி என்னவோ மிகச் சிறியது. 2022 முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உள்ளன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. அந்நாளில் 18 வயது நிறைந்தவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 17 வயது கடந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் இடமுண்டு. புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6. ஊரிலிருந்து இங்கு மாற்றிக்கொள்பவருக்குப் படிவம் 8. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் விடுதி முகவரியிலோ பெற்றோர் முகவரியிலோ, இரண்டில் ஒன்றில், பதிவு செய்யலாம். படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.